தெற்குப் பக்கத்து ஜன்னல்கள்

எனக்கு வாய் அதிகம். பிறந்த வீட்டில் கண்டித்துப் பார்த்தார்கள், புகுந்த வீட்டில் பழகிக்கொண்டார்கள். பால்காரர், கேஸ்காரர், கரண்ட் பில் கவுன்ட்டரில் இருப்பவர், ஒருத்தரும் என்னிடம் தப்பியதில்லை. அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் மூன்று வாரம் தொண்டையில் முள் சிக்கியவள்போலத் திண்டாடினேன். சொல்லியிருந்தால் பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவன் ஒரே நாளில் புரிந்துகொண்டிருப்பான். சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில், பிரேசர் டவுனில் எங்கள் தெருவில் காம்பவுண்டு வைத்த பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு வடக்கே இருந்த ஓட்டு வீடும் போயிற்று. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி வருகிறது என்றார்கள். வாசலில் ஒரு பலகை நட்டு, எல்லா பெட்ரூமுக்கும் பால்கனி உண்டு என்று பெருமையாக எழுதியிருந்தான் பில்டர். பால்கனியில் நின்று எதைப் பார்ப்பார்கள்? தெற்கே இருக்கிற என் வீட்டைத்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. தூசியைத் திட்டுவதிலேயே பொழுது போய்விட்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேட் கவர்ன்மென்ட் ஆபீசில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிடையர் ஆனவர். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அரட்டை அடிப்பவர்கள் அவரவர் நாற்காலிக்கு ஓடுவார்களாம். ரிடையரான அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது. பேச்சு ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது. கால் திரும்பவில்லை. "தினம் நடந்தா கால் வரும். உட்கார்ந்துட்டா அப்புறம் வீல்சேர்தான்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

தெருவில் நடக்க மாட்டேன் என்றார். தெரிந்தவர்கள் பார்ப்பார்களாம். எங்கள் வீட்டுக்கும் வடக்குக் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு, வாசலில் தொடங்கிப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரைக்கும். அங்கே இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிற்றை அவரே இழுத்துக் கட்டிக்கொண்டார். காலை ஆறரைக்கு, பனியனும் அரை டிராயருமாக, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதை யாரும் பார்க்கக் கூடாது. நானும்தான். சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு நான் உள்ளே இருக்க வேண்டும். செருப்பு தேய்கிற சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி தேயும். ஆரம்பத்தில் ஒரு நாள் 'தொப்'பென்று சத்தம் கேட்டு, கையில் மாவோடு ஓடிப் போய்த் தூக்கினேன். அப்பப்பா! கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. நாலு நாள் நடக்கவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. அதற்கப்புறம் எத்தனை முறை சத்தம் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

நடந்து முடித்து வந்து காபிக்கு உட்காரும்போது, எத்தனை நடை போய்த் திரும்பினார் என்ற எண்ணை மட்டும் சொல்வார். "இன்னிக்கு ஒன்பது." இரண்டு நடையில் தொடங்கியது, பக்கத்துக் கட்டடம் எழும்பும் சமயத்தில் பதினாலுக்கு வந்திருந்தது.

இரண்டாவது மாடித் தளம் போட்ட மறுநாள் காலை, மேலே ஒரு ஆள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கீழே இவர் தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறான். பாவம், நல்ல மனசோடுதான், "ஐயா, பாத்து, பாத்து! புடிச்சுக்கோங்க!" என்று கத்தினான். உள்ளே இருந்த எனக்கே கேட்டது. செருப்புச் சத்தம் நின்றது. இவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி ஆறியது. எண் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறரைக்குப் பேப்பரை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் பாத்ரூம் படியைத் தாண்டவே என் தோள் வேண்டியிருந்தது.

"நான் போய்ப் பேசறேன்" என்றேன்.

"பேசு. ஆனா என் பேரு வரக் கூடாது. காலு, கையி, நடை, ஒண்ணும் வாயில வரக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. ஆனால் அப்புறம் என்னத்தைப் பேசுவது? உட்கார்ந்து யோசித்து, கார்ப்பரேஷனுக்கு ஒரு ஆட்சேபக் கடிதம் எழுதி, நகலைப் பில்டரிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் துணி துவைக்கும் கல் பின்கட்டில் திறந்தவெளியில் இருக்கிறது, மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது, பெண்களின் மானம் என்ன ஆவது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் என்று யார் இருந்தார்கள்? நான் ஒருத்தி. ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்தி. கௌரவத்துக்குப் பயந்து பொய்யான இடத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டு, நிஜமான இடத்துக்குத் தீர்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல!

பில்டர் கன்னடக்காரர், மரியாதையான மனிதர். கடிதத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவ்ரே, யாரு நோட்தாரே?" என்றார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்வி. எனக்கு வந்ததே கோபம். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி என்று கொட்டித் தீர்த்தேன். கடைசியில் காதைத் தேய்த்துக்கொண்டே, "மேஸ்திரியை அனுப்பறேன் அம்மா, அவன் மறைச்சுக் கொடுப்பான்" என்றார்.

மேஸ்திரி நம்மவர், திருவண்ணாமலைப் பக்கம். நாற்பது வயது இருக்கலாம். கையில் நூல்கண்டோடு வந்தார். ஒரு ஆளை மேலே பால்கனி வரப்போகிற விளிம்பில் நிறுத்தி, கண் உயரத்தில் நூலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைத் துவைக்கிற கல்லுக்கு இழுத்துவந்து விறைப்பாகப் பிடித்தார். நூல் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஒரு குச்சியை வைத்து அளந்தார்.

"கண்ணும் நூலு மாதிரிதாம்மா, வளைஞ்சு போவாது. இந்த உசரத்துக்கு சொவத்த ஏத்திட்டா மொத மாடிக்காரனுக்குக் கல்லு தெரியாது. மேல இருக்கிறவனுக்குத் தெரியும், அதுக்குக் கல்லு மேல ஒரு ஷீட்டு போட்டுடறேன். நீங்க நிம்மதியா தொவைங்க."

சுத்தமான வேலை. என் பொய்க்கு அதைவிட நல்ல தீர்வு யாரும் கொடுத்திருக்க முடியாது. ரொம்ப சந்தோஷம் மேஸ்திரி என்று சொல்லியிருக்க வேண்டும். "இது சரிப்படாது" என்றேன்.

"என்னாம்மா சரிப்படாது? கல்லு மறைஞ்சுடுதே?"

"கல்லு மட்டும் மறைஞ்சா போதுமா?"

"லெட்டர்ல கல்லுதானே எழுதியிருக்கீங்க?"

நான் கல்லில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்து இடம் மாற்றி வைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகத் திரும்பியவர், கயிற்றின் அருகே ஒரு நிமிஷம் நின்றார். துணி காயப்போடுகிற கொடியை இடுப்பளவில் யார் கட்டுவார்கள் என்று கேட்பார், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழமை ஆளுங்க வர மாட்டாங்க. நீங்க ஒரு தரம் மேல வந்து, எங்க தெரியக் கூடாதுன்னு கையக் காட்டுங்கம்மா. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கைப்பிடி இல்லாத படிகளில் சுவரைத் தடவிக்கொண்டு மேஸ்திரியின் பின்னால் ஏறினேன். மூன்றாவது மாடித் தளம் அப்போதுதான் போட்டிருந்தது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால், முதலில் என் வீட்டு ஓட்டில் பாசியும் தொட்டி மூடியில் ஓட்டையும் தெரிந்தன. அடுத்ததாகச் சந்தில் அவர் தெரிந்தார்.

கட்டடத்தில் ஆள் இல்லை, வீட்டில் நானும் இல்லை என்று தெரிந்ததும் அந்த மனிதர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். மூன்று வாரத்துக்குப் பிறகு. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வலது காலைத் தூக்கவில்லை, இடுப்பைத் திருப்பிக் காலை வீசிப் போட்டார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனிதர், இந்தக் காலோடு படுகிற பாட்டை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு பெருமையும் வந்தது.

தொட்டியருகே திரும்பும்போது கால் மடங்கிக் கீழே விழுந்தார். புரண்டு மல்லாந்தார்.

நான் படிப் பக்கம் ஓடத் திரும்பினேன். விளிம்பை ஒட்டிப் படி இறங்குகிற இடத்தில் மேஸ்திரி நின்றிருந்தார். எப்போது திரும்பினாரோ, எங்கள் சந்துக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு வடக்குப் பக்கம் பார்த்து நின்றிருந்தார்.

"போகாதீங்கம்மா."

"விழுந்துட்டாரு மேஸ்திரி!"

"சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் நில்லுங்க."

"என்ன நில்லுங்க? உங்களுக்கென்ன தெரியும்? வழிய விடுங்க!"

அவர் நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "கயித்த அன்னிக்கே பாத்தேன்மா. தாழ நாலு எடத்துல வளையம் போட்டுத் தொங்க விட்டிருக்காரு. விழுந்தா புடிச்சு எந்திரிக்கத்தான் அது. யாரும் தூக்க வர வேணாம்னு மொதல்லயே யோசிச்சு வெச்சிருக்கிற மனுஷன். நீங்க போனீங்கன்னா அவ்ளோதான்."

ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தைக் கூட்டுகிறவள் நான். அந்த வளையங்களைக் கயிறு தொய்ந்த இடம் என்று நினைத்துத் துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி விளிம்புக்கு வந்தேன்.

"எந்திரிச்சாரா?" என்றார் மேஸ்திரி, திரும்பாமலே.

"இல்ல."

கொஞ்ச நேரம் போயிற்று. "இப்போ?"

"வளையத்தைப் புடிச்சிருக்காரு. முட்டி போட்டுட்டாரு."

"மெதுவா வரட்டும்."

"கை நழுவிடுச்சு. ஐயோ... மறுபடி புடிக்கறாரு. எந்திரிச்சிட்டாரு. எந்திரிச்சிட்டாரு மேஸ்திரி!"

"நடக்கறாரா?"

"நடக்கறாரு."

இவர் வாசல் வரை நடந்து உள்ளே போய்விட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் மேஸ்திரி திரும்பினார். ஒரு தடவைகூடக் கண்ணைச் சந்துப் பக்கம் விடவில்லை. "நூலு கட்டவே வேணாம்மா, எடம் தெரிஞ்சுடுச்சு. சந்து பூரா நேர் கீழ இருக்கு, சொவரு எழுப்பி மறைக்க முடியாது. பால்கனியேதான் திரும்பணும். நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஏன் பார்க்காம திரும்பிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"எங்க பொழப்பே உசரத்துலம்மா. மேல நின்னா பத்து வூட்டு அடுப்படி தெரியும். கண்ண அடக்கத் தெரியாதவன் சாரம் ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்றார். ஏதோ சிமென்ட்டுக்கு எத்தனை பங்கு மணல் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

கீழே இறங்கி, குவித்திருந்த மணலின் மேல் உட்கார்ந்து ஒரு பாடு அழுதேன். பிறகு நிஜமாகவே மார்க்கெட்டுக்குப் போனேன். வீட்டுக்கு வந்தபோது இவர் தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதை மறைக்க என்று எனக்குத் தெரியாதா? "முருங்கைக்காய் நல்லாவே இல்லைங்க, முத்தல். கத்திரிக்காய்தான் வாங்கினேன்" என்றேன். "ம்" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலையாட்கள் மேலே ஏறும் முன் மேஸ்திரி கரண்டியால் தகர டிரம்மை மூன்று தட்டுத் தட்டுவார். அது ஏழரைக்குத்தான் கேட்கும். அதற்கு முன்னால் தெற்குப் பக்கம் ஒரு ஆள் தலைகாட்டவில்லை. தண்ணீர் விடுவதையும் வடக்கிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார். ஏன் என்று ஆட்களிடம் சொன்னாரா, தெரியாது. சொல்லியிருக்க மாட்டார். இரண்டு நாள் இவர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஆறரைக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். காபிக்கு வந்து, "நாலு" என்றார். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

ஆனால் பால்கனி இருக்கிறதே! குடி வந்துவிட்டால் அவர்களுக்கு யார் டிரம் தட்டுவது? பில்டர் பிளானை மாற்றவே முடியாது என்று என்னிடம் அடித்துச் சொல்லியிருந்தார். அந்த வாரம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, மேஸ்திரி தன் உடைந்த கன்னடத்தில் அவரிடம் பேசுவதைக் கேட்டேன். என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெற்கே இத்தனை பெரிய திறப்பு வாஸ்துவுக்கு ஆகாது என்கிறார்களே, பிளாட் வாங்க வருகிறவர்கள் கூடவே வாஸ்துக்காரரையும் கூட்டிவருகிறார்களே, கிழக்கே தெருவைப் பார்த்து பால்கனி வைத்தால் நல்லதில்லையா என்று சாதுவாகக் கேட்டார். பிறகு பில்டரின் பதறிய குரல்: "யாக்கப்பா மொதலே ஹேள்ளில்லா?" முன்னாலேயே ஏன் சொல்லவில்லையாம்!

மூன்று வாரம் நான் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத பிளான், அரை நாளில் திரும்பியது. பக்கத்து வீட்டு மனிதர்களைச் சொன்னால் கேட்காத காது, திசையைச் சொன்னதும் கேட்கிறது. எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. தெற்கே நீட்டியிருந்த தளங்களை வெறும் வெயில் மறைப்பாக விட்டுவிட்டு, கதவுக்கு விட்ட இடங்களில் சுவர் எழுப்பினார்கள். வெளிச்சத்துக்கு மட்டும் தலைக்கு மேல் உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள், அதில் பூப்போட்ட கண்ணாடி. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் தெற்கில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டார் மேஸ்திரி.

"பொய் சொல்லி மாத்திட்டீங்களே" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"பொய்யா? வாஸ்து புக்குல இருக்கறதத்தானே சொன்னேன். கல்லுன்னு லெட்டர் எழுதுனவங்க என்னைக் கேக்கறீங்களா?" என்று சிரித்தார். முதல் தடவையாக என் வாய்க்குச் சரியான ஆள் கிடைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டடம் முடிந்ததும் மேஸ்திரி ஆட்களோடு ஒயிட்ஃபீல்டு பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இவர் நாற்பது நடைக்கு வந்து, பிறகு கயிற்றை விட்டுக் கைத்தடிக்கு மாறினார். மூன்றாவது மாடியில் குடி வந்தவர்கள் கிருகப்பிரவேசத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். லிப்ட் இருந்தும் வேண்டாமென்று படியேறினார். அங்கே பெட்ரூமில் நின்று, தலைக்கு மேலே இருந்த தெற்கு ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது கேட்டார்.

"அன்னிக்கு மேல நின்னது நீதானே?"

"என்னிக்கு?"

"நடிக்காதே. நான் மல்லாந்து கெடந்தேன். ஆகாசமும் அந்தக் கட்டடமும் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? மேஸ்திரி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான். நீ பார்த்துக்கிட்டு நின்னே."

இத்தனை மாதம் தெரிந்தே இருந்திருக்கிறார். "கோவமா உங்களுக்கு?" என்றேன்.

"நீ ஓடி வரப்போறேன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன். நீ வந்திருந்தா அன்னியோட கயித்த அவுத்துப் போட்டிருப்பேன். நீ வரல. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து முருங்கைக்காய் முத்தல்னு சொன்னே." டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு இவ்வளவு பொறுமை உண்டுன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் இன்னிக்கு மூணு மாடி ஏறினேன்னா அது நீ அன்னிக்கு வராம நின்னதாலதான்."

உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை வாய்விட்டுப் பாராட்டியது அது ஒரு தடவைதான். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் சொல்லவில்லை. ஓடக் கிளம்பியவள் நான். நிறுத்தியவர் மேஸ்திரி.